‘வகை இரண்டு’ என்றால் என்ன சொன்னதாகிறது?

2020 மே மாதத் தொடக்கம், ஊரடங்கு நாட்கள். அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் சில மாதங்களாகவே பன்றிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்தின் சோதனையில் காரணம் உறுதியானது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், இந்தியாவில் முதல் முறையாக. கூடவே இன்னொரு தகவலும் வந்தது. வைரஸ் மரபணு வகை இரண்டைச் சேர்ந்தது.

முதல் தகவல் வந்ததும் வேலைகள் நடந்தன. பன்றி வியாபாரம் நிறுத்தப்பட்டது, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போடப்பட்டது, வட்டத்துக்குள் இருந்த பன்றிகளைக் கொன்று புதைக்கத் திட்டம் வந்தது. இரண்டாவது தகவலால் என்ன நடந்தது? யோசித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. வகை ஒன்று என்று வந்திருந்தாலும் அதே வட்டம்தான், அதே குழிதான். ஆனாலும் மிசோரம், மேகாலயா, நாகாலாந்து, கேரளம் என்று நோய் நகர நகர, ‘இங்கும் வகை இரண்டே’ என்று அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரைகளும் கூடவே நகர்ந்தன.

நோயறிதல் ஆய்வு எதையும் எடைபோட ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். விடை வேறாக வந்திருந்தால் யாராவது வேறு விதமாக நடந்துகொண்டிருப்பார்களா? ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸைக் கண்டறிவதற்கும் அதன் மரபணுக் குணத்தை விவரிப்பதற்கும் உலகம் முழுக்க நடக்கும் வேலையை இந்தக் கேள்வியின் முன் நிறுத்திப் பார்க்கலாம். இரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மாதிரியில், பெரும்பாலும் ஒரே மரபணுவை வைத்துச் செய்யப்படுவதால் ஒரே வேலை போலத் தோன்றும். ஒன்றுக்கு உரிய பாராட்டை மற்றொன்றும் வாங்கிக்கொண்டு போவது அதனால்தான்.

வைரஸைப் பற்றிச் சுருக்கமாகச் சில செய்திகள். 1921-இல் கென்யாவிலிருந்து மான்ட்கோமரி என்ற கால்நடை மருத்துவர் இந்நோயை முதலில் விவரித்து எழுதினார். ஆப்பிரிக்காவின் காட்டுப் பன்றி இனமான வார்ட்ஹாகிலும், அதன் வளைகளில் வாழும் மென்னுண்ணிகளிலும் வைரஸ் பெரிய தொந்தரவின்றிக் குடியிருக்கிறது. வீட்டுப் பன்றிக்குப் போனால் கதை வேறு. வீரியமுள்ள வைரஸ் என்றால், தொற்றிய பன்றிகளில் ஏறத்தாழ எல்லாமே சில நாட்களில் செத்துவிடும். மனிதருக்குத் தொற்றாது. மரபணுப் பொருள் டிஎன்ஏ. அதன் நீளம் 1,70,000 முதல் 1,90,000 எழுத்துகளுக்குச் சற்று மேல் வரை, அதில் 150-க்கும் மேற்பட்ட மரபணுக்கள். வைரஸ்களில் இது பெரிய உருப்படி.

கண்ணால் பார்த்து இந்நோயை உறுதிசெய்ய முடியாது. கடும் காய்ச்சல், தீனி எடுக்காமை, காதிலும் வயிற்றிலும் சிவந்து நீலம் பாய்ந்த தோல், பின் சாவு. நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் ‘கிளாசிக்கல்’ பன்றிக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள்தான். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் அதன் வைரஸுக்கும் இதற்கும் உறவே கிடையாது. அதற்குத் தடுப்பூசி உண்டு, இதற்கு இந்தியாவில் இல்லை. வடகிழக்கில் ஒரு கொட்டகையில் பன்றி செத்தால் இரண்டில் எது என்று ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். சொல்லும் விடையைப் பொறுத்து, ஊசி போடுவதா, கொன்று புதைப்பதா என்பது மாறுகிறது. நம் அளவுகோலில் கண்டறிதல் முழு மதிப்பெண் வாங்கும் இடம் இது.

கண்டறிதலுக்கான கருவி 2003-இல் செம்மையானது. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வுக்கூடத்தார், பி646எல் என்ற மரபணுவின் ஒரு துண்டைக் குறிவைக்கும் நிகழ்நேர பிசிஆர் சோதனையை வெளியிட்டார்கள். அந்த மரபணு பி72 என்ற புரதத்தை உண்டாக்குகிறது. வைரஸின் வெளிக்கூட்டைக் கட்டும் முக்கியப் புரதம் அது. கூட்டின் செங்கல் மாறினால் கூடே நிற்காது என்பதால் இந்த மரபணு எளிதில் மாறுவதில்லை. எந்த நாட்டு வைரஸாக இருந்தாலும் சோதனை குறிவைக்கும் துண்டு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே சோதனை தவறவிடுவது அரிது. இரத்தம், மண்ணீரல், நிணநீர்க் கணு எதுவானாலும் போதும், அழுகிய உடலின் எலும்பு மஜ்ஜையிலிருந்துகூட எடுத்துவிடலாம்.

அதே 2003-இல், அதே மரபணுவுக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. கோமாரி நோய்க்கு ஓ, ஏ, ஆசியா 1 என்று எதிர்ப்பொருளை வைத்து வகை பிரிப்பார்கள். இந்த வைரஸில் அது சரிப்படாது, ஏனென்றால் பன்றியின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் இதை முழுமையாகச் செயலிழக்கச் செய்வதில்லை. வேறு வழி தேடிய அர்மாண்டா பாஸ்டோஸும் அவருடைய சகாக்களும், பி72 மரபணுவின் கடைசிப் பகுதியில் சுமார் 478 எழுத்துகளை வாசித்து ஒப்பிட்டால் ஆப்பிரிக்க வைரஸ்களைக் குழுக்களாகப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். முதலில் பத்து வகைகள். பிறகு எத்தியோப்பியாவிலும் மொசாம்பிக்கிலும் கிடைத்த மாதிரிகளையும் சேர்த்து எண்ணிக்கை 24 ஆனது.

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. கண்டறிய வேண்டுமானால் மாறாத மரபணு வேண்டும். பிரித்தறிய வேண்டுமானால் மாறும் மரபணு வேண்டும். ஒரே மரபணுவை இரண்டு வேலைக்கும் வைத்தால், ஒன்றில் அதற்குப் பலமாக இருப்பதே மற்றொன்றில் பலவீனமாகிவிடும். பி72 கண்டறிவதில் கெட்டிக்காரன் என்பதற்கும் பிரித்தறிவதில் மந்தம் என்பதற்கும் காரணம் ஒன்றே.

ஆனாலும் இந்த வகை எண் ஒரு காலத்தில் பெரிய உதவி செய்திருக்கிறது. 2007-இல் கருங்கடல் கரையில் ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தை ஒட்டிப் பன்றிகள் செத்தபோது, அதுவரை ஆப்பிரிக்காவுக்கு வெளியே இந்நோய் போன இடங்களில் எல்லாம் இருந்தது வகை ஒன்று. 1957-இல் லிஸ்பன் விமான நிலையத்தின் உணவுக் கழிவைத் தின்ற பன்றிகளில் தொடங்கி, 1960-இல் மீண்டும் வந்து ஸ்பெயினுக்கும் பரவி, 1978-இல் சார்டினியாவையும் டொமினிக்கன் குடியரசையும் எட்டிய வரலாறு அது. ஜார்ஜியாவுக்கும் வைரஸ் சார்டினியாவிலிருந்தோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தோ வந்திருக்கும் என்று சந்தேகப்படுவதே இயல்பு. பிர்பிரைட்டில் அந்தத் துண்டை வாசித்தார்கள். வகை இரண்டு என்று வந்தது. மொசாம்பிக், மடகாஸ்கர், சாம்பியா பக்கத்து வைரஸ். ஆக, ஐரோப்பாவின் பழைய தொற்றின் மிச்சம் இல்லை, தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக வந்து இறங்கியது. கப்பல் கழிவின் மீது சந்தேகம் திரும்பியது. 478 எழுத்துகளை வாசித்துப் பெற்ற விடையால் விசாரணையின் திசையே மாறியது என்றால், அதைக் குறைத்துப் பேச முடியாது.

2021-இல் டொமினிக்கன் குடியரசிலும் இதே உதவி கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாட்டின் பன்றிகளையே ஒழித்து விரட்டிய நோய் திரும்பியபோது, இரண்டாம் வகை என்ற விடை, இது எங்கோ ஒளிந்திருந்த பழைய வைரஸ் அல்ல என்பதைத் தெளிவாக்கியது. கண்டம் விட்டுக் கண்டம் வந்தது எது என்ற கேள்விக்கு வகை எண் பொருத்தமான கருவி. இதை ஒப்புக்கொண்டு மேலே போகலாம்.

2007-க்குப் பின் அந்தக் கேள்வியே பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று. ஜார்ஜியாவில் இறங்கிய வைரஸ் ரஷ்யாவுக்குப் போனது, 2014-இல் லிதுவேனியா, போலந்து, 2018 ஆகஸ்டில் சீனாவின் லியாவ்னிங் மாகாணம், 2019-இல் வியட்நாம், பிலிப்பைன்ஸ், கிழக்குத் திமோர், 2020-இல் இந்தியா. வழியெங்கும் அந்த 478 எழுத்துகள் அப்படியே இருந்தன. எல்லா இடத்திலும் வகை இரண்டு என்றால், ‘வகை இரண்டு’ என்ற விடையில் புதுச் செய்தி எதுவும் இல்லை. மொத்த மரபணு நீளத்தில் கால் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு, ‘மரபணுக் குணவிவரிப்பு’ என்று தலைப்புப் போடுவது துணிச்சல்தான்.

இந்தியாவுக்கு அது எந்த வழியாக வந்தது என்பதையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் அருணாசலுக்கு அப்பால் திபெத்தின் நிங்சி பகுதியில் நோய் இருந்தது, மியான்மரின் ஷான் மாநிலத்திலும் இருந்தது. ஆற்றோடு மிதந்து வந்ததா, எல்லை கடந்த பன்றி வியாபாரத்தோடு வந்ததா என்பது எல்லைக் கண்காணிப்பை எங்கே இறுக்குவது என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி. இரண்டு பக்கமும் வகை இரண்டே. வகை எண்ணால் இதற்கு வாய் திறக்க முடியாது. நமக்கு இன்னும் அருகில் ஒன்று. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் நோய் உறுதியானது, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப் பன்றிகளில் உறுதியானது. பண்ணையிலிருந்து காட்டுக்குப் போனதா, வேறு வழியாகத் தனியே வந்ததா? நீலகிரிப் பக்கம் வெண்பன்றி வளர்ப்பவர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. பி72 இதிலும் ஊமை.

இந்தக் குறை ஆய்வாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பி54 புரதத்தின் மரபணு, பி602எல் மரபணுவின் நடுப்பகுதி, சிடி2வி புரதத்தின் மரபணு என்று கூடுதல் அடையாளங்களைச் சேர்த்தார்கள். ஸ்பெயினின் ஆய்வுக்கூடத்தார் 2014-இல், ஐ73ஆர், ஐ329எல் என்ற இரு மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் பத்து எழுத்துத் தொடர் ஒன்று சில வைரஸ்களில் ஒரு முறை கூடுதலாக வருவதைக் கண்டார்கள். ஜார்ஜியாவின் முதல் வைரஸில் அந்தக் கூடுதல் இல்லை, பின்னாளில் கிழக்கு ஐரோப்பாவிலும் சீனாவிலும் பரவியவற்றில் இருந்தது. பி72-ஐ விட இது மேல்தான். ஆனால் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் நகலெடுக்கும்போது தாமாகவே கூடவும் குறையவும் வாய்ப்புள்ளவை. இரண்டு ஊர்களில் ஒரே மாற்றம் இருந்தால் ஒரே வழியில் வந்தது என்று ஆணையிட்டுச் சொல்ல முடியாது. துப்பு என்று வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக ஏற்க முடியாது.

வகைகளின் எண்ணிக்கையே ஆட்டம் கண்டது 2023-இல். அமெரிக்க வேளாண் துறையின் பிளம் தீவு ஆய்வாளர்கள், துண்டை விட்டுவிட்டு பி72 புரதத்தின் முழு நீளத்தையும் ஒப்பிட்டார்கள். 24 என்று சொல்லப்பட்டவை ஆறு குழுக்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று முடிவு சொன்னார்கள். பின்னர் அதே குழுவினர் முழு மரபணுத் தொகுதியின் புரதங்களை எல்லாம் வைத்து ஏழு உயிர்வகைகளாகப் பிரிக்கலாம் என்றும் எழுதினார்கள். ஆறும் ஏழும் சரியா என்ற வாதம் தனி. கவனிக்க வேண்டியது, இருபது ஆண்டுகள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் உறுதியான இயற்கைப் பிரிவு போலப் பேசப்பட்ட ஒன்று, எவ்வளவு நீளத்தை வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்பதே.

இதுவரை சொன்னதெல்லாம் ‘பயனில்லை’ என்ற குற்றச்சாட்டு. அதற்காக மட்டும் இதை இவ்வளவு தூரம் விசாரிக்க வேண்டியதில்லை. பயனில்லாத ஆய்வுகள் உலகில் எவ்வளவோ உண்டு. வகை எண் தவறான வழியும் காட்டக்கூடும் என்பதைச் சீனா காட்டியது.

2018-இல் சீனாவுக்குள் வந்தது கொடிய இரண்டாம் வகை. அடுத்த ஆண்டே நாட்டின் பன்றிக் கூட்டத்தில் பெரும் பங்கு போயிற்று. 2020-இல் ஹார்பின் கால்நடை ஆய்வு நிறுவனத்தார் பல மாகாணங்களில் மாதிரி எடுத்தபோது, வீரியம் குறைந்த வைரஸ்கள் தட்டுப்பட்டன. அவையும் வகை இரண்டே. சிடி2வி மரபணு கெட்டுப்போயிருந்ததால், சிவப்பணுக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் பழைய சோதனையில் அவை அகப்படவில்லை. பன்றி உடனே சாவதில்லை. மூட்டு வீங்கும், தோல் புண்ணாகும், குட்டி கலையும், வைரஸ் விட்டு விட்டு வெளியேறும். இன்னொரு பக்கம், மரபணுக்கள் நீக்கப்பட்ட வைரஸ்களும் பண்ணைகளில் கிடைத்தன. அனுமதியின்றிப் போடப்பட்ட தடுப்பூசிகளிலிருந்து வந்தவை அவை என்ற சந்தேகம் வலுத்தது. கொடியது, வீரியம் குறைந்தது, ஊசியிலிருந்து வந்தது என்று மூன்று வெவ்வேறு ஆபத்துகள். மூன்றுக்கும் பி72 தந்த பெயர் ஒன்று.

2021-இல் ஹெனான், ஷான்டாங் மாகாணங்களில் முதல் வகை வைரஸ் கிடைத்தது. போர்ச்சுகலில் பல ஆண்டுகளுக்கு முன் பிரித்தெடுக்கப்பட்ட வீரியம் குறைந்த வைரஸ்களை அது ஒத்திருந்தது. வேகமாகப் பரவும், ஆனால் பெரிதாகக் கொல்லாது, நாட்பட்ட நோயாக இழுக்கும். அந்நாட்டுப் பண்ணை மருத்துவர் மனதில் ‘வகை ஒன்று என்றால் சாவு குறைவு’ என்று பதிந்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

2023-இல் அந்த நம்பிக்கை தகர்ந்தது. ஜியாங்சு, ஹெனான், உள் மங்கோலியா ஆகிய இடங்களிலிருந்து எடுத்த வைரஸ்களின் பி72 மரபணு, வகை ஒன்று என்றது. பன்றிகளோ இரண்டாம் வகையின் கொடுமையோடு செத்தன. முழு மரபணுத் தொகுதியையும் வாசித்தபோதுதான் விளங்கியது, அவை இரண்டு வகைகளும் கலந்து பிறந்தவை. பெயர் வைக்கப் பயன்படும் மரபணு ஒன்றாம் வகையிலிருந்து வந்திருந்தது. வீரியத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் பல இரண்டாம் வகையிலிருந்து வந்திருந்தன. இரண்டாம் வகையிலிருந்து உருவாக்கிய உயிர்த் தடுப்பூசி ஒன்றைப் போட்ட பன்றிகளுக்கு இந்தக் கலப்பு வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். ஊசி காப்பாற்றவில்லை.

இதன் கனத்தை வியட்நாமில் உணரலாம். 2022-இல் இந்நோய்க்கு உலகிலேயே முதலில் தடுப்பூசிக்கு வணிக அனுமதி தந்த நாடு அது. அங்கு அனுமதி பெற்ற ஊசிகள் இரண்டாம் வகை வைரஸில் சில மரபணுக்களை நீக்கி உருவானவை. கலப்பு வைரஸ் வடக்கு வியட்நாமிலும் வந்துவிட்டது, ரஷ்யாவின் தூரக்கிழக்கிலும் கண்டறியப்பட்டது. இனி அங்கே ஊசி போட்ட பன்றி செத்தால் ஆய்வுக்கூடத்தின் முன் மூன்று கேள்விகள் நிற்கும். ஊசி வைரஸே திரும்பிக் கடித்ததா? ஊசி சரியாகப் போடப்படாமல் களத்து வைரஸ் தாக்கியதா? ஊசிக்கு அடங்காத கலப்பு வைரஸா? முதல் இரண்டையும் பி72 ஒரே பெயரால் அழைக்கும். மூன்றாவதை, 2021-இன் வீரியம் குறைந்த வைரஸின் பெயரால் அழைக்கும். ஒரு சோதனையின் விடையை நம்பி முடிவெடுத்தவன் சோதனையே செய்யாதவனைவிட மோசமான இடத்தில் நிற்பான் என்றால், அந்தச் சோதனையைத் தொடர்வதற்கு நியாயம் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவே பி72-ஐக் குறிவைக்கும் பிசிஆர் மட்டும் தன் வேலையில் பிசகவில்லை. கொடியதையும், வீரியம் குறைந்ததையும், கலப்பையும் ‘வைரஸ் உண்டு’ என்று சரியாகவே சொன்னது. அங்கேயும் ஒரு விலக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீரியம் குறைந்த வைரஸ் உள்ள பன்றியின் இரத்தத்தில் எல்லா நாளும் வைரஸ் இருக்காது, அன்றைக்கு எடுத்த மாதிரி ‘இல்லை’ என்று வரலாம். கடுமையான நோயில் எதிர்ப்பொருள் உண்டாகும் முன்பே பன்றி செத்துவிடுவதால் இரத்தச் சீரச் சோதனைக்கு அதிக வேலையில்லை. நாட்பட்ட நோயிலோ எதிர்ப்பொருள் சோதனைதான் கைகொடுக்கும். வீரியம் குறைந்த வைரஸ் வந்துவிட்ட நாட்டில் பிசிஆரை மட்டும் நம்புவது அரைக் கண்காணிப்பு.

சரி, முழு மரபணுத் தொகுதியையும் வாசிப்பதே தீர்வா? அதற்கு நல்ல சான்று ஜெர்மனி. 2020 செப்டம்பர் 10 அன்று போலந்து எல்லையோரம் பிராண்டன்பர்க் மாநிலத்தில் செத்துக்கிடந்த காட்டுப் பன்றியில் அந்நாட்டின் முதல் தொற்று உறுதியானது. ஃபிரெட்ரிக் லோஃப்லர் நிறுவனத்தார் தொடர்ந்து முழு வாசிப்பு செய்தார்கள். பி72 கண்ணுக்கு ஒரே வைரஸாகத் தெரிந்தது, முழு வாசிப்பில் பல கிளைகளாகப் பிரிந்து தெரிந்தது. அந்த வைரஸ்களில் ஓ174எல் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் நொதியை உண்டாக்கும் மரபணு அது. பழுது பார்ப்பது கோளாறானதால் வழக்கத்தைவிட அதிகப் பிழைகள் சேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். எந்தப் பகுதியில் எந்தக் கிளை, எல்லை தாண்டி எத்தனை முறை வந்தது என்றெல்லாம் பேச முடிந்தது. வேலி எங்கே போடுவது, பண்ணைக்குள் வந்தது பக்கத்துக் காட்டு வைரஸா என்ற கேள்விகளுக்கு அது பயன்படும் செய்தி.

ஆனால் ஜெர்மனியைக் காட்டி எல்லா இடத்துக்கும் வாக்குறுதி தரக் கூடாது. சார்டினியாவில் 1978 முதல் பல பத்தாண்டுகள் சுற்றிவந்த வைரஸ், முழுவதும் வாசித்த பிறகும் வியக்கத்தக்க அளவு மாறாமல் இருந்தது. டிஎன்ஏ வைரஸ், மெதுவாக மாறும். அடுத்த ஊருக்கு நேற்றுப் போன தொற்றைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு அதில் பிழைகள் சேர்ந்திருக்காது. தொழில்நுட்பச் சிக்கல்களும் உண்டு. பன்றியின் மாதிரியில் வைரஸின் டிஎன்ஏவை விடப் பன்றியின் டிஎன்ஏவே மலைபோல இருக்கும். ஒரே எழுத்து வரிசையாகத் திரும்ப வரும் இடங்களில் வாசிக்கும் இயந்திரங்கள் தடுமாறும், இரு முனைகளிலும் உள்ள திரும்புதொடர்கள் சிக்கல் செய்யும். எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்கும் ‘ஜார்ஜியா 2007’ மூல வரிசையையே மறுபடி வாசித்துத் திருத்த வேண்டி வந்தது. ஓரெழுத்து வித்தியாசத்தை வைத்து வழித்தடம் வரைகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பி72 வகையீட்டுக்காக வாதிடுவோரின் வலுவான பதில் செலவு. ஒரு சிறு மாவட்ட ஆய்வுக்கூடம் பிசிஆர் செய்து, துண்டை வரிசைப்படுத்த வெளியே அனுப்பிவிடலாம், முழு வாசிப்புக்குப் பணம், ஆள், கணினி எல்லாம் வேண்டும் என்கிறார்கள். இருபது ஆண்டுத் தரவு பி72-இல்தான் இருக்கிறது, அதை விட்டால் பழையதோடு ஒப்பிட முடியாது என்பது அடுத்தது. இரண்டாவதற்கு விடை எளிது. முழு வாசிப்பில் பி72-உம் இருக்கிறது, ஒப்பீடு எங்கும் போய்விடாது. முதலாவதில் நியாயம் உண்டு, ஆனால் அது பி72 வகையீட்டுக்குச் சாதகமாக இல்லை. பணம் குறைவு என்றால் செய்தி தராத சோதனையைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அதே காசுக்கு, மரபணு நீக்கிய வைரஸ்களில் வழக்கமாக நீக்கப்படும் சிடி2வி, எம்ஜிஎஃப், ஐ177எல் மரபணுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பிசிஆர் சோதனையைப் பி72 பிசிஆரோடு சேர்த்துச் செய்யலாம். மரபணு நீக்கிய வைரஸா, களத்து வைரஸா என்பதை அது அன்றைக்கே சொல்லும். முழு வாசிப்பு எல்லா மாதிரிக்கும் தேவையில்லை. புதிய மாநிலத்தில் முதல் தொற்று, காட்டுப் பன்றியில் முதல் தொற்று, வழக்கத்துக்கு மாறாகச் சாவு குறைந்த பண்ணை, ஊசி போட்டும் செத்த பன்றி, இவை போதும்.

செலவைப் பற்றிப் பேசும்போது யாரும் அதிகம் தொடாத ஓர் இடம் உண்டு. எந்தக் கருவியும் மாதிரி வந்தால்தான் வேலை செய்யும். வடகிழக்கில் பன்றி என்பது பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று, அதைப் பார்த்துக்கொள்வது பெண்கள், அது பிள்ளைப் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கும் சேமிப்பு. நோய் வந்தது தெரிந்தால் அரசு கொன்று புதைக்கும் பன்றிக்கு இழப்பீடு உண்டு. தானாகச் செத்த பன்றிக்குப் பெரும்பாலும் இல்லை. இந்த ஏற்பாட்டில் முதல் பன்றி செத்ததும் சொல்லிவிடுவதால் வளர்ப்பவருக்கு என்ன லாபம்? அவர் மிச்சத்தை விற்கப் பார்ப்பார், அல்லது வெட்டிக் கறியாக்குவார். வைரஸ் அந்தக் கறியோடு அடுத்த ஊருக்குப் போகும். ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்வது பத்தாவது பன்றியின் மாதிரி. அதில் எத்தனை எழுத்து வாசித்தாலும் முதல் பன்றிக்கு எங்கிருந்து வந்தது என்பது அதில் இருக்காது. இதைச் சொன்னால் ‘அது எங்கள் துறை அல்ல’ என்பார்கள். மாதிரி எடுத்த நாள், ஊர், பண்ணையின் தன்மை என்ற விவரங்களே இல்லாமல் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் மரபணு வரிசையை மட்டும் ஏற்றிவிடும் வழக்கத்தையாவது அவர்கள் தங்கள் துறை என்று ஒப்புக்கொள்ளலாம்.

எடைபோட்டது போதும், தீர்ப்புக்கு வரலாம். பி72-ஐக் குறிவைக்கும் பிசிஆர் இருக்க வேண்டும், அதற்கு இணை இன்னும் வரவில்லை. வீரியம் குறைந்த வைரஸ் உலவும் இடங்களில் எதிர்ப்பொருள் சோதனையும் அதோடு சேர வேண்டும். பி72 துண்டை மட்டும் வாசித்து வகை எண் அறிவிக்கும் பழக்கம் நிறுத்தப்பட வேண்டும். 2007-இல் அது செய்த உதவிக்கு நன்றி, 2023-க்குப் பின் அது ஆபத்து. ஒரு மாநிலத்தில் வகை இரண்டு இருப்பதாகப் பி72-ஐ மட்டும் கொண்டு எழுதி வரும் கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும். முழு வாசிப்புக்குத் தேர்ந்தெடுத்த மாதிரிகளை, நாள், ஊர், பண்ணை விவரங்களோடு, சில வாரங்களுக்குள் வெளியிட நம் தேசிய ஆய்வுக்கூடங்களுக்குப் பணமும் ஆணையும் வேண்டும். தானாகச் செத்த பன்றியையும், உரிய நேரத்தில் சொன்னவருக்கு, இழப்பீட்டில் சேர்க்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கடைசியாகச் சொன்னதற்குச் செலவிடுவதே சரி.